பென்சில் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

அப்பா செத்துப்போன செய்தி, நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது. யாரும் தலைவிரிகோலமாக ஓடி வந்து சொல்லவில்லை. ஒரு பெண் வந்து, இறந்தவர் படத்துக்குக் கீழே போட வேண்டிய பேரையும் ஊரையும் சொன்னார். நான் டைப் அடித்தேன். முதலெழுத்து, பேர், ஊர் எல்லாம் அடித்து முடித்து, பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தபோதுதான் அது என் அப்பா என்று உறைத்தது. பிழை எதுவும் இல்லை. "அப்புறம்க்கா?" என்று கேட்டேன்.

2005ஆம் வருஷம். எனக்கு இருபது வயசு. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. முதலாளி பென்சிலில் முகம் வரைவதில் கெட்டிக்காரர். ரேஷன் கார்டில் ஒட்டியிருக்கிற சின்னப் போட்டோவைக் கொடுத்தால்கூடப் பெரிசாக வரைந்துவிடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அவர் முகத்தை மட்டும் வரைந்து கொடுப்பார். அதை ஸ்கேன் செய்து, சட்டை, துண்டு, சங்கிலி, மூக்குத்தி, நாற்காலி என்று மிச்சத்தைச் சேர்ப்பது என் வேலை. அதற்கென்று 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தோம். அதில் இருந்த ஆண் உடம்பெல்லாம் முதலாளியுடையது. வெள்ளைச் சட்டையில், கோட்டில், பட்டு வேட்டியில், நாற்காலியில் உட்கார்ந்து அவரே எடுத்து வைத்துக்கொண்டவை. பெண் உடம்பெல்லாம் அவர் சம்சாரம். சுத்துப்பட்டு ஊர்களில் சுவரில் தொங்கிய செத்தவர்களில் பாதிப் பேருக்கு இவர்கள் உடம்புதான். "நான் செத்தா உனக்கு வேலை மிச்சம் பாப்பா, உடம்பு ரெடியா இருக்கு" என்பார் முதலாளி. நாங்கள் சிரிப்போம்.

ஒட்டுவது பெரிய விஷயமில்லை. ஒட்டினது தெரியக்கூடாது, அதுதான் வேலை. முகம் பென்சில், சட்டை போட்டோ. அப்படியே வைத்தால், சுவரில் ஒட்டின சினிமா போஸ்டர் மேல் சாணி அடித்த மாதிரி தனியாகத் தெரியும். முதலில் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். உடம்பிலும் அதே பக்கமிருந்து விழ வேண்டும். காலருக்குக் கீழே நிழல் போடாவிட்டால் கழுத்து மிதக்கும். சட்டையின் வெள்ளை பளீரென்று இருக்கக் கூடாது. படம் வரைந்த தாளின் வெள்ளையைவிட ஒரு மட்டு குறைவாக இருக்க வேண்டும். கடைசியாக அந்தத் தாளின் சொரசொரப்பை எல்லாவற்றின் மேலும் போர்த்தி, பளபளப்பில்லாத மேட் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, நிஜப் பென்சிலால் சட்டை மடிப்பிலும் விரல்களிலும் நாலு இழு இழுத்துவிட்டால், முழுப்படமும் ஒரே கை வரைந்ததாக ஆகிவிடும். எனக்கு இதில் நல்ல பேர் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். ஆண்டிமடத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. அங்கே ஏதோ திருவிழாவில், ஐந்து நிமிஷத்தில் ஆள் முகம் வரைந்து தருகிறவன் வரைந்த ஒரு சார்ட் பேப்பரை, பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். கழுத்துவரைக்கும்தான் இருந்தது. புருஷனுக்கென்று இருக்கிற ஒரே படம் அதுதான் என்றார்.

"வெள்ளைச் சட்டை போடு தாயி. தோள்ல ஒரு துண்டு. கையில வாட்ச் இருக்கணும். வாட்சுன்னா உசுரு அவருக்கு, ஓடாத வாட்சைக்கூடக் கட்டிக்கிட்டுத் திரிவாரு."

"சரிங்கக்கா" என்றேன். முறைப்படி நான் சின்னம்மா என்று கூப்பிட்டிருக்க வேண்டும்.

பேரைப் படித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, யாரோ ஒரு ஆள். பார்க்கப் பார்க்க மெதுவாக அவராக ஆனார். 1995இல், எனக்குப் பத்து வயசில், வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று காலையில் பஸ் ஏறினவர். வடக்கே போய்விட்டார், பம்பாயில் பார்த்தார்கள், லாரியில் போகிறார் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடப்பாவி மனுஷா, ரெண்டு பஸ் தூரத்தில் முந்திரிக்காட்டில் இருந்திருக்கிறார்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எப்பக்கா போனாரு?"

"நாப்பது நாள் ஆச்சு. கொல்லையில முந்திரி பொறுக்கிக்கிட்டு இருந்தவரு நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவரு ஊரு இந்தப் பக்கம்தான். முதல் சம்சாரம் அங்கதான் இருக்குதாம், ஒரு பொண்ணும் உண்டாம். கையில படம் இல்லாமப் போயி நின்னா எவன் நம்புவான்? அதான் இங்கயே படம் பண்ணி, நேரா எடுத்துக்கிட்டுப் போயிச் சொல்லிடலாம்னு வந்தேன்."

"எதுக்குக்கா சொல்லணும்? விட்டுட்டுப் போனவருதானே?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? செத்தவனுக்கு ஒருத்தி பொட்டு வச்சிக்கிட்டு இருக்காளே, அது பாவம் இல்லியா? தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அந்தப் பாவம் என்னையதான் சேரும்."

அம்மாவுக்கு அந்தப் பொட்டு என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா பருத்தி எடுக்கப் போவார், வெங்காயம் அரியப் போவார். புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளை என்று எவனும் பல்லை இளித்துக்கொண்டு கிட்டே வர முடியாது. வந்தால், "எம் புருஷன் இருக்காரு, போடா" என்பார். கல்யாண வீட்டில் தட்டு எடுக்கக் கூப்பிடுவார்கள், வளைகாப்பில் முதலில் நலங்கு வைக்கக் கூப்பிடுவார்கள். திங்களோ வெள்ளியோ சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கி வருவார். அந்தக் குங்குமம்தான் பத்து வருஷமாக எங்கள் வீட்டுக்கு ஆம்பளை.

எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புருஷன் செத்துப் பதினாறாம் நாள், தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, அப்பி அப்பிக் குங்குமம் வைத்து, சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வளையலை உடைத்தார்கள். அந்த அக்கா அப்புறம் எந்த விசேஷத்திலும் முன் வரிசைக்கு வரவில்லை. விட்டுட்டுப் போன ஒரு ஆளுக்காக அம்மாவும் அப்படி நடுவில் உட்கார வேண்டும். அதற்கு அத்தாட்சியாக ஒரு படம் வேண்டும். அதை நான் செய்ய வேண்டும்.

ரெண்டு நாள் அந்தப் படத்தில் வேலை செய்தேன். வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் கண்ணை ஒரு நூல் மேலே ஏற்றினால் ஆள் மாறிப்போவான், எனக்குத் தெரியும். ஏற்றிப் பார்த்தேன். யாரோ ஒரு மளிகைக்கடைக்காரர் மாதிரி ஆனார். அப்படியே கொடுத்திருக்கலாம். ஊரில் அதைப் பார்த்து, இது அவனில்லையே என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் மோசமான வேலையை வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை, பழையபடி இறக்கிவிட்டேன். அழுகை வரவில்லை, வேலை மட்டும் சுத்தமாக வந்தது. அதற்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு.

அந்த ஓவியக்காரன் வலது பக்கத்திலிருந்து வெளிச்சம் வைத்து வரைந்திருந்தான். முதலாளி உடம்பில் வெளிச்சம் எதிர்ப்பக்கம். அதனால் உடம்பைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டேன். திருப்பினால் சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போய்விடும், வாட்சும் வலது கைக்குப் போய்விடும். ரெண்டையும் மறுபடி இடது பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கடைப் பாடம். பாக்கெட்டைக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்தபோது முதலாளி கல்யாண ஆர்டருக்குப் போயிருந்தார், நான் மட்டும்தான் இருந்தேன். ஃபிரேம் போட்ட படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடி மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"வாட்சு வலது கையில இருக்கு."

அப்பா வலது கையில்தான் வாட்ச் கட்டுவார். இடது கையால்தான் எல்லாம் செய்வார், அதனால். பாக்கெட்டைத் திருப்பி வைத்த எனக்கு வாட்ச் தப்பாகவே தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அப்பா கையில் பார்த்த ஞாபகம், அதை அப்படியே விட்டிருக்கிறது.

"அது வந்துக்கா, கம்ப்யூட்டர்ல சில சமயம் படம் திரும்பிடும். மாத்தித் தரேன் குடுங்க."

"வேணாம் வேணாம். சரியாத்தான் திரும்பியிருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "நான் உங்கிட்ட இதைச் சொல்லவே இல்லியே, அதான் கேட்டேன்."

நான் பில் புத்தகத்தைத் தேடுவதுபோல மேஜை டிராயரைத் திறந்தேன்.

"இந்த ஊருக்கு எங்க தாயி பஸ் ஏறணும்?" என்று படத்தின் கீழே எழுதியிருந்த எங்கள் ஊர்ப் பேரைக் காட்டினார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் சொல்வேன். வாய் தானாகப் பேசியது. "நீங்க அங்க போக வேணாம்க்கா. எனக்குப் பக்கத்து ஊருதான், அந்தக் குடும்பம் எனக்குத் தெரியும். அந்தம்மா செத்துப்போயி மூணு வருஷம் ஆச்சு."

"ஐயோ! பொண்ணு?"

"கட்டிக் குடுத்துட்டாங்க. எங்க இருக்குன்னு தெரியல."

அம்மாவையும் கொன்று, என்னையும் ஊரைவிட்டு அனுப்பிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நிஜமாகவே அழுதார். முகம் பார்த்திராத ஒருத்திக்காக அவர் அழுததைப் பார்த்துக்கொண்டு, நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"குடுத்து வச்சவ. புருஷனுக்கு முன்னாடி பூவோட பொட்டோட போய்ச் சேந்துட்டா" என்றார். பிறகு, "எனக்குப் பொட்டு எடுக்கக்கூட ஒருத்தரும் வரல தாயி. நானேதான் தொடச்சிக்கிட்டேன்" என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "அப்படின்னா அவங்களையும் பக்கத்துல வச்சுடு. ரெண்டு பேரும் சேந்து இருக்கட்டும். நான் நடுவுல வந்தவதானே? அவங்க படத்துக்கு வெளக்கு வச்சாத்தான் எனக்கு மனசு ஆறும். அவங்க போட்டோ ஏதாச்சும் கேட்டு வாங்க முடியுமா உன்னால?"

மாட்டேன் என்றால் அவரே ஊருக்குப் போய்க் கேட்பார். "வாங்கித் தரேன்க்கா" என்றேன்.

ரேஷன் கடையில் ஜெராக்ஸ் கேட்கிறார்கள் என்று சொல்லி அம்மாவிடம் எலக்‌ஷன் கார்டை வாங்கினேன். அதில் அம்மா முகம் புகை படிந்த மாதிரி கறுப்பாக இருந்தது. முதலாளியிடம் வரையக் கொடுக்க முடியாது, அவருக்கு அம்மாவைத் தெரியும். பெரிதாக்கி மங்கலாகப் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் நானே பென்சிலால் வரைந்தேன். அந்தத் திருவிழாக்காரனின் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்து, அதே சாய்வில், அதே அவசரத்தில் போட்டேன். உடம்புக்கு முதலாளி சம்சாரத்தின் பட்டுப்புடவை. கழுத்துக்கு எங்கள் ஃபோல்டரில் தங்கச் சங்கிலிதான் இருந்தது. அம்மாவிடம் இருப்பது மஞ்சள் கயிறு. சங்கிலியை எடுத்துவிட்டுக் கயிறு வரைந்தேன், முறுக்கு முறுக்காக, நிழலோடு. மூக்குத்தி வைத்தேன். பூ வைத்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, கையை நாற்காலியின் முதுகில் போட்டேன். நிஜத்தில் அவர்கள் அப்படி நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டதில்லை.

தகராறு செய்தது பொட்டுதான். "பொட்டு மட்டும் செவப்பா இருக்கணும், கறுப்பா வச்சா எனக்குப் புடிக்காது" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முழுப்படமும் பென்சில் சாம்பல், நடுவில் ஒரு சிவப்பு வட்டம். எங்கே வைத்தாலும் நெற்றியில் உட்காராமல் முன்னால் வந்து நின்றது. சிவப்பைக் குறைத்தால் காய்ந்த ரத்தம் மாதிரி ஆனது. கூட்டினால் சிக்னல் விளக்கு. முக்கால் நாள் அதிலேயே போனது. கடைசியில்தான் புரிந்தது, என் வட்டம் ரொம்ப வட்டமாக இருக்கிறது என்று. அம்மா விரலால் எடுத்து வைப்பார். ஒரு ஓரம் உதிர்ந்திருக்கும், புருவத்துக்கு நடுவில் ரெண்டு மூன்று பொடி சிந்தியிருக்கும். ஓரத்தை உடைத்தேன், பொடியைச் சிந்தினேன், பென்சில் கோடுகளை அதன் மேலாக ஓடவிட்டேன். உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அம்மா ஊரில் யார் வீட்டுக் களத்திலோ வெங்காயம் அரிந்துகொண்டிருந்திருப்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்து வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு நேராக மறைவு என்று போட்ட இடத்தில் தேதி இல்லை. அதை மட்டும் என்னால் டைப் அடிக்க முடியவில்லை. "யாருக்கும் தேதி தெரியலக்கா" என்றேன்.

"பரவால்ல. அவரு நாள்லயே அவங்களுக்கும் சேத்துப் படைச்சுடறேன்."

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்கு அம்மா ஜாடை. தெரிந்துகொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, "நல்லா இரு தாயி. அவங்களையும் நல்லாப் பாத்துக்க" என்றார். எவங்களை என்று நான் கேட்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும், பையை வைத்துவிட்டு நேராகப் பின்னால் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். சாவு என்று கேட்டால் தலை முழுக வேண்டும். கேட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் யாராவது ஒருத்தர் அவருக்காக இந்த வீட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நாலு சொம்புக்கு மேல் கை ஓடவில்லை, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். "ஏண்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல தலைக்கு ஊத்திக்கிட்டு உக்காந்திருக்க? யாராச்சும் போயிட்டாங்களா?"

"கடைக்கு வர்றவரு ஒருத்தரு."

"அடக் கடவுளே. வயசானவரா?"

"அம்பது இருக்கும்மா."

"புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

த்சொ த்சொ என்றார். என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி, "தலையைக் குனி, பாதித் தலை நனையவே இல்ல" என்று என் தலையில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அவரு பொண்டாட்டி இருக்காளா?"

"இருக்காங்க."

"பாவம். இனிமே அவ பாடுதான்." கடைசிச் சொம்பையும் ஊற்றிவிட்டு, ஈரமான தன் புடவையைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "தீட்டுத் தண்ணி என் மேலயும் பட்டுடுச்சு. ஊத்து, நானும் ரெண்டு சொம்பு தலைக்கு ஊத்திக்கிறேன்."

குனிந்து உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று ஊற்றினேன். ரெண்டு சொம்பு என்றவர், மூன்றாவது ஊற்றியபோதும் குனிந்தே இருந்தார். தண்ணீரில் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கிப் போனது. கண்ணை மூடியிருந்தார். வெறும் நெற்றியோடு அம்மாவை நான் அன்றுதான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றி, விளக்கேற்றி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றார். குங்குமச் சிமிழைத் திறந்து விரலை வைத்தார். பல்பு மங்கலாக எரிந்ததால் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி முகத்தைக் காட்டினார்.

"நேரா இருக்கா பாரு."

"நேரா இருக்கும்மா" என்றேன்.